வெங்காய வளையத்துக்கு முதலில் புரட்டும் உலர்மாவு: முன்தூவலா, பற்றுமாவா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மொறுமொறுப்பான வெங்காய வளையம் பொரிக்கும் முறையைத் தமிழில் எழுதி முடிக்கும் நேரத்தில் ஒரு சொல் இடறுகிறது. வளையத்தைக் கரைத்த மாவில் முக்குவதற்கு முன்னால் உலர்ந்த மாவில் ஒருமுறை புரட்டி உதறுகிறோமே, அந்த மாவுக்குப் பெயர் வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளில் அதை 'பிரீடஸ்ட்' என்கிறார்கள். பஜ்ஜிக்கு நாம் பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை. அதனால் வீட்டுப் பேச்சில் சொல் கிடைக்கவில்லை. இதுவரை வந்தவை முன்தூவல், முன்மாவு, அடிமாவு, உலர்பூச்சு. எனக்கு முன்தூவல் பிடித்திருக்கிறது. சிறிய சொல், படித்தவுடன் புரிகிறது.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். கரைத்த மாவைத் தோய்மாவு என்பதா, கரைமாவு என்பதா?

டர்பனிலிருந்து:

அக்கா, முன்தூவலில் எனக்கு மனம் ஒட்டவில்லை. 'முன்' என்பது எப்போது என்று சொல்கிறது. எதற்கு என்று சொல்லவில்லை. எதற்கு என்று தெரியாவிட்டால் அவசரத்தில் முதலில் விட்டுப்போகும் படி இதுதான். தவிர, தூவல் என்பது செயலின் பெயர். '80 கிராம் முன்தூவல்' என்று அளவு எழுதிப் பாருங்கள், நாக்கு நிற்கும். அடிமாவு என்றால் சலித்தபின் அடியில் தங்கிய மாவு என்றே தோன்றும். உலர்பூச்சு பரவாயில்லை, ஆனால் சுவருக்கு அடிப்பது போல இருக்கிறது.

அந்த மாவு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெட்டிய முகம் ஈரமாக இருக்கும், வளைந்த பக்கம் வழுவழுவென்று இருக்கும். அதன்மேல் கரைத்த மாவை நேராகப் பூசினால் இரண்டுக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் நிற்கும். 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் அது ஆவியாகி மேலோட்டை வெளியே தள்ளும். ஓடு உப்பி நிற்க, வெங்காயம் உள்ளே தனியாக ஆடும். ஒரு வாய் கடித்தால் வெங்காயம் முழுதாக உருவிக்கொண்டு வரும். விரலிடையில் வெறும் கூடு மிஞ்சும்.

உலர்மாவு அந்த நீரைக் குடித்துவிடுகிறது. எண்ணெய்க்குள் 60 முதல் 75 டிகிரி ஏறும்போதே அதிலுள்ள மாச்சத்து உப்பிப் பசையாகி, ஒருபுறம் வெங்காயத்தையும் மறுபுறம் கரைத்த மாவையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே என் முன்மொழிவு: பற்றுமாவு. தட்டார்கள் பொன்னோடு பொன்னை இணைக்க வைப்பதைப் பற்றாசு என்பார்கள். வேரும் ஒன்று, வேலையும் ஒன்று. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை: பற்றிய, பற்றுகிற, பற்றும் மாவு. பற்றுமாவிடு, பற்றுமாவிட்ட வளையம் என்று வினையாகவும் நீளும். மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் இதே சொல் போதும்.

தோய்மாவு வேண்டாம். தோய்த்தல் என்றவுடன் தயிர் நினைவுக்கு வருகிறது, மாவைப் புளிக்கவைக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'பஜ்ஜிக்கு மாவு கரை' என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். கரைமாவு என்பதே இயல்பு.

அளவையும் வைக்கிறேன், சொல் பொருந்துகிறதா என்று அடுப்பருகே பார்த்துவிடலாம். 8 அல்லது 9 செ.மீ. அகலமுள்ள பழுப்புத்தோல் வெங்காயம் இரண்டு, ஒரு செ.மீ. தடிமனில் குறுக்காக வெட்டி வளையங்களைப் பிரிக்கவும். பற்றுமாவுக்குக் கேக் மாவு (நைசான வெள்ளைக் கோதுமை மாவு) 60 கிராம், மைசேனா (மக்காச்சோளத்திலிருந்து எடுத்த மாச்சத்துத் தூள்) 20 கிராம். கரைமாவுக்குக் கேக் மாவு 120 கிராம், மைசேனா 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த சோடா 200 முதல் 220 மி.லி. சோடாவைக் கடைசியில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். கட்டி போக அடித்தால் மாவில் இழுவை வந்து ஓடு சவசவத்துவிடும். கரண்டியின் பின்புறம் விரலால் ஒரு கோடு இழுங்கள்; கோடு மூடாமல் நின்றால் பதம்.

22 செ.மீ. அகலப் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினால் நான்கு செ.மீ. ஆழம் கிடைக்கும். 185 டிகிரியில் தொடங்கி, ஒரு முறைக்கு நான்கு ஐந்து வளையம், இரண்டரை முதல் மூன்று நிமிடம். எடுத்தவுடன் கம்பித்தட்டில் வையுங்கள். காகிதத்தின்மேல் போட்டால் அடிப்பக்க ஆவி போக வழியில்லாமல் அந்தப் பக்கம் மட்டும் நமத்துப்போகும். டர்பன் கடற்கரைக் காற்றில் அது இன்னும் சீக்கிரம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

டர்பன் அண்ணனுக்கு இரண்டு மறுப்பு. நெற்றிக்குச் சுக்கை உரசிப் பற்றுப் போடுகிறோம், அது ஈரக் குழைவு. உலர்ந்த பொடிக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? கணக்குப் புத்தகத்திலும் பற்று வரவு இருக்கிறது.

அளவு பற்றியும் ஒரு திருத்தம். நீங்கள் கடல் மட்டத்தில் எழுதுகிறீர்கள். இங்கே ஏறக்குறைய 1750 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. உங்கள் 185 டிகிரியில் போட்டால் ஓடு சிவந்துவிடும், உள்ளே வெங்காயம் நறுக்கென்று பச்சையாகவே இருக்கும். 175 வைத்து அரை நிமிடம் கூட்டினால் சரியாக வருகிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் குமிழி அதிகமாக விரியும், ஓடு வெடித்து எண்ணெய் உள்ளே போகும். பேக்கிங் பவுடரை முக்கால் தேக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். சொல்லுக்கு வரையறை எழுதும்போது வெப்ப எண்ணை அதற்குள் வைக்காதீர்கள். ஊருக்கு ஊர் மாறும்.

பற்றுமாவைப் புரட்டியபின் எவ்வளவு நேரம் வைப்பது? அதையும் சொல்லவில்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

ஒரு எச்சரிக்கை மட்டும். மைசேனா என்பதை 'சோள மாவு' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் சோள மாவு என்றால் கஞ்சிக்கும் பாப் என்னும் களிக்கும் போடும் மீலி மீல், அதாவது கரகரப்பாக அரைத்த மக்காச்சோள மாவு. அதைப் பற்றுமாவில் கலந்தால் பெரிய துகள் இரண்டு மூன்று நிமிடத்தில் வேகாது. பசையாகாமல் மணல்போல நறநறக்கும், ஓடும் ஒட்டாது. 'சோள மாச்சத்து' என்று எழுதி, முதல் முறை வரும்போது பக்கத்தில் மைசேனா என்று போடுங்கள்.

டர்பனிலிருந்து:

சோள மாச்சத்தை ஏற்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பல வீட்டில் ஒரு சட்டி எண்ணெய் வீணாகியிருக்கும். வெப்ப எண் வரையறைக்குள் வராது, அதுவும் சரி.

நெற்றிப் பற்றைப் பற்றி: அது ஈரம் என்பதால் வந்த பெயர் இல்லை. போட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்பதால் வந்தது. பத்துப்பாத்திரம் என்கிறோமே, அதிலும் இதே பற்றுதான்; சோறும் குழம்பும் பிடித்துக் காய்ந்த பாத்திரம். ஈரமோ உலர்வோ, விடாமல் பிடிப்பது பற்று. கணக்குப் பற்று வேறு இடம். அடுப்பங்கரையில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

நேரம் கேட்டது நல்ல கேள்வி. புரட்டி, நன்றாக உதறி, ஐந்து நிமிடம் தட்டில் வையுங்கள். பளிச்சென்ற வெள்ளை மங்கி, வெங்காய நிறம் லேசாகத் தெரியத் தொடங்கும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும், மாவு வராது. அப்போது முக்கவேண்டும். பதினைந்து இருபது நிமிடம் போனால் வெங்காயம் விட்ட தண்ணீரில் அது கூழாகி வழுக்கும். உதறாமல் தடிப்பாக விட்டாலும் கேடு: நடுவில் நனையாத மாவு தங்கி, ஓடு தகடாகக் கழன்று விழும், உதிர்ந்த தூள் எண்ணெயில் கருகும்.

இந்தக் கோளாறுக்கும் பெயர் வைத்துவிடலாம். ஓடு கழல்வதைக் 'கழலல்' என்போம். சங்கப் பாட்டில் பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை கழலும். சொல்லுக்கு அவ்வளவு பழைய கை இருக்கிறது. 'கழலல் ஏன் நேர்கிறது' என்று தலைப்பிட்டால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

பற்றுமாவு சரியாக இருந்தும் கழலல் வந்தால் உட்சவ்வைப் பாருங்கள். வளையத்தின் உள்வளைவில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தை நகத்தால் கிளப்பினால் ஒரே இழுப்பில் சுருள்போல வரும். அதன்மேல் எந்த மாவும் நிற்காது. கடிக்கும்போது அறுபடாமல் வெங்காயத்தையே இழுத்துக்கொண்டும் வரும். எளிதாக உரிய, வளையங்களை ஐஸ் தண்ணீரில் அரைமணி போடுங்கள், காரமும் இறங்கும். இன்னும் சுலபம், ஒரு இரவு உறையவைத்து மறுநாள் இளக்குவது. சவ்வு தானாக விடும், வெங்காயமும் இளகிப் பல்லுக்கு அறுபடும். எந்த வழியானாலும் பற்றுமாவுக்கு முன் துணியால் ஒற்றி எடுப்பதை விடக்கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

மனம் மாறிவிட்டேன். பற்றுமாவு, கரைமாவு, உட்சவ்வு, கழலல், சோள மாச்சத்து ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன். பதிவு இப்படி:

பற்றுமாவு: ஈரமான பொருளின்மேல் கரைமாவு பிடிப்பதற்காக, அதற்கு முன் மெல்லிய படலமாக ஏற்றும் உலர்மாவு.

கடைசியாக ஒரு சந்தேகம். உப்பையும் மிளகாய்த்தூளையும் பற்றுமாவிலேயே போட்டுவிடலாமா?

டர்பனிலிருந்து:

மிளகாய்த்தூள் போடலாம் அக்கா, கரைமாவு மூடிவிடுவதால் கருகாது. உப்பு வேண்டாம். அது வெங்காயத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே பற்றுமாவு நனைந்து சொதசொதத்துவிடும். உப்பு கரைமாவில் இருக்கட்டும். இன்னும் வேண்டுமானால், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு கம்பித்தட்டில் வைத்து மேலே தூவுங்கள்.