போலீஸ் ஏலத்தில் ஸ்பிளெண்டர் எடுத்த கதை (நீங்கள் எடுத்ததையும் சொல்லுங்கள்)

மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிகளை ஆயுதப்படை மைதானத்தில் ஏலம் விடுவார்கள் இல்லையா, அதில் போன வருடம் ஒரு ஸ்பிளெண்டர் எடுத்தேன். நாளிதழின் உள்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு விளம்பரம், டீக்கடையில் தற்செயலாகப் பார்த்ததுதான். ஆதார் நகலும் 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தால் டோக்கன். முந்தின நாளே போய் வண்டியைப் பார்க்கலாம், ஆனால் ஸ்டார்ட் செய்து பார்க்க வழியில்லை, பாதி வண்டிக்குச் சாவியே கிடையாது.

ஏலத்தன்று வந்த கூட்டத்தில் பெரும்பாலும் காயலாங்கடைக்காரர்கள். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், புது முகம் வாயைத் திறந்தால் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். நான் கையில் ஒரு தொகையை எழுதி வைத்திருந்தேன், அதற்கு மேல் போகக் கூடாது என்று. 11,500-இல் மூன்றாம் தரம் விழுந்தது. ஜிஎஸ்டி தனி, அது பலருக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது.

மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டி. இரண்டு டயர், பேட்டரி, எலி கடித்த ஒயரிங், டேங்க் துரு, புது லாக் செட் என்று இன்னொரு 9,000. அதுகூடப் பரவாயில்லை. பழைய ஆர்சி புத்தகம் தரமாட்டார்கள், விற்பனை ஆணையை வைத்துத்தான் பெயர் மாற்ற வேண்டும். என் ஆணையில் சேஸிஸ் எண்ணில் (வண்டியின் பிரேமில் பொறித்திருக்கும் எண்) 8-க்குப் பதில் 3 என்று அடித்துவிட்டார்கள், அதைத் திருத்தி வாங்க மூன்று நாள் லீவு போனது. பணம் கட்டிய இடத்திலேயே சேஸிஸ் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆணையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

- - -

நான் எம்எஸ்டிசி (மத்திய அரசு நிறுவனம், அரசு அலுவலகங்களின் பழைய பொருட்களை இணையத்தில் ஏலம் விடுவது) இணைய ஏலத்தில் ஒரு அலுவலகத்தின் பழைய பீரோ, மேஜை எல்லாம் எடுத்தேன். எனக்கு வேண்டியது நான்கு பீரோ, ஆனால் லாட் என்றால் மொத்தமும் நம் தலையில்தான், கால் உடைந்த நாற்காலி உட்பட. கடைசி நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும். சில லாட்டில் 'ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று இருக்கும். நாம்தான் அதிக விலை கேட்டிருந்தாலும் துறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்ன தேதிக்குள் லாரி வைத்து எடுக்காவிட்டால் தரை வாடகை வேறு. பழைய பேட்டரி, கழிவு எண்ணெய் லாட்டுகளை நம்மைப் போன்றவர்கள் கேட்கவே முடியாது, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு மட்டும்தான்.

- - -

அரசு பொலிரோ, ஜீப் கிடைக்குமா?

- - -

ஓட்டுவதற்கு என்றால் வயதைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து, அவை உடைக்கத்தான் போகும். அப்பா காலத்தில் கழிவு செய்த ஜீப்பை எடுத்துத் தோட்டத்துக்கு ஓட்டினாரே என்று கிளம்பாதீர்கள்.

- - -

முதலில் எழுதியவன்தான். ஸ்பிளெண்டர் இப்போது மாமனாரிடம். பின்னால் சாராயக் கேன் மாட்ட யாரோ வெல்டிங் செய்த கொக்கி ஒன்று இருந்தது, அறுத்துவிடலாம் என்றேன், விடமாட்டேன் என்றுவிட்டார். பால் கேனுக்குச் சரியாக இருக்கிறதாம்.