மறு: "ஏர் லாக்" - வளிப்பூட்டு வேணாம், மூச்சடைப்பு

எல்லாருக்கும் வணக்கம்.

வண்டியில வர்ற "ஏர் லாக்" கோளாறுக்கு தமிழ்ல என்ன பேருன்னு நடக்கிற பேச்சுல மூச்சடைப்பு, குமிழடைப்புன்னு ஒரு வரி போட்டுட்டு, வந்த பதில மூணு நாளா படிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், இன்னும் பேசாம இருந்தா "வளிப்பூட்டு"ன்னு கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடுவீங்க போல, அதான் குறுக்க வரேன். ஏர்னா வளி, லாக்னா பூட்டு, சேத்து எழுதினா வளிப்பூட்டு, சரி. ஆனா எந்த கோளாறுக்கு இந்த பேருன்னு ஒருத்தரும் கேக்கல. மெக்கானிக் கடையில ஏர் லாக்னு ரெண்டு நேர்மாறான சங்கதிய சொல்றாங்க. ஒண்ணு, பெட்ரோல் பைப்ல காத்து குமிழ் மாட்டி வழிய மறிக்கிறது. இன்னொண்ணு, டேங்குக்குள்ள காத்து போக வழியில்லாம பெட்ரோல் கீழ இறங்காம நிக்கிறது. அதுல காத்து கூடாத இடத்துல இருக்கு, இதுல இருக்க வேண்டிய இடத்துல இல்ல. ரெண்டுக்கும் ஒரே பூட்டா?

இது எனக்கு எப்படி தெரியும்னா பணம் கட்டி கத்துக்கிட்டேன். அப்பா ஓட்டின யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் என்கிட்ட இருக்கு. போன மழை சீசன்ல சைதாப்பேட்டைல கிளம்பினா கத்திப்பாரா கிட்ட வரும்போது இழுவை குறையும், ரெண்டு தடவ விக்கும், நின்னுடும். ஓரம் கட்டி பத்து நிமிஷம் நின்னுட்டு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், பல்லாவரம் தாண்டுறதுக்குள்ள மறுபடி அதே கதை. ரிசர்வ்ல போட்டு பாத்தேன், பலன் இல்ல. ஒரு சர்வீஸ் கடையில விட்டேன், பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டர கழட்டி கழுவி, அதுல பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை, அதான் ஜெட், தேஞ்சிருக்குன்னு செட்டே மாத்தி பில்லும் குடுத்தாங்க. ரெண்டே நாள், திரும்ப கத்திப்பாரா.

அப்புறம் எங்க தெருமுனையில இருக்கிற மெக்கானிக் தம்பிகிட்ட காட்டினேன். அவன் ஸ்பேனரே எடுக்கல. டேங்க் மூடிய தொறந்தான், புஸ்ஸுன்னு ஒரு சத்தம். "வண்டி மூச்சு விட முடியாம கெடக்குண்ணா"ன்னான். விஷயம் என்னன்னா, மழைத்தண்ணி உள்ள போயிடக்கூடாதுன்னு நானேதான் மூடி மேல கேரி பேக்க இறுக்கி கட்டி, அதுக்கு மேல ரெக்சின் கவரையும் மாட்டி வெச்சிருந்தேன். மூடியில இருக்கிற சின்ன காத்து ஓட்டைய கட்டி அடைச்சது நான், திட்டு வாங்கினது கார்ப்பரேட்டர்.

பழைய வண்டிங்கள்ல பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்க் மேல கார்ப்பரேட்டர் கீழ, தானா இறங்கணும் அவ்வளவுதான். பெட்ரோல் மட்டத்துக்கும் கார்ப்பரேட்டருக்கும் ஒரு அடி உயரம்னு வெச்சா அந்த பெட்ரோல் தர்ற அழுத்தம் வெளிக்காத்து அழுத்தத்துல 100ல 2 பங்குதான் வரும். அதாவது டேங்குக்குள்ள அழுத்தம் அந்த ரெண்டு பங்கு குறைஞ்சாலே போதும், இறங்குறது நின்னுடும். டேங்க் நிரம்ப இருந்தா உள்ள காத்து கொஞ்சம்தான், அதனால சீக்கிரமே நிக்கும். நான் பங்க்ல ஃபுல் பண்ணின அன்னிக்கெல்லாம் ஏன் ரொம்ப படுத்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது, நான் பாட்டுக்கு பங்க்காரன திட்டிட்டு இருந்தேன். நிறுத்தி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சு உள்ள போகும், ஆவியும் சேரும், அழுத்தம் சமமாகும், வண்டி நம்மள பாத்து சிரிக்கும்.

இது எதுவும் நமக்கு புதுசும் இல்ல. மளிகை கடையில எண்ணெய் டின்ன தொறக்கிறவர் ஒரு ஓட்டையோட விடமாட்டார், எதிர் மூலையில இன்னொண்ணு குத்துவார், அது இல்லன்னா எண்ணெய் குபுக் குபுக்னு விக்கி விக்கித்தான் வரும். அந்த ரெண்டாவது ஓட்டைக்குத்தான் இத்தன நாளா பேரு இல்ல. நான் சொல்றது மூச்சுத்துளை. அது அடைஞ்சு வர்ற கோளாறு மூச்சடைப்பு.

இனி வந்த ஆட்சேபணைங்க.

> வெற்றிடத்தடை என்பது பொருத்தமாக இருக்கும்.

ஐயா, உள்ள வெற்றிடம் எங்க இருக்கு? 98 பங்கு அப்படியே இருக்கே. தம்பிகிட்ட போய் டேங்குல வெற்றிடம்னா பெட்ரோல் காலின்னு நெனச்சு பங்குக்கு வழி சொல்லுவான்.

> மூச்சுத்திணறல், மூச்சடைப்பு எல்லாம் மருத்துவச் சொற்கள்.

இருக்கட்டுமே. திணறல் வண்டி படுற பாடு, அடைப்பு அதுக்கு காரணம், நமக்கு வேண்டியது காரணத்தோட பேரு.

அடைப்புன்னு வெச்சா இன்னொரு லாபமும் இருக்கு. பைப்ல காத்து நின்னா குமிழடைப்பு. மே மாச வெயில்ல சிக்னல் சிக்னலா நின்னு எஞ்சின் சூட்டுல பைப்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாகி மறிச்சா ஆவியடைப்பு. துருவும் தூசியும் ஃபில்டர்ல சேந்தா கசடடைப்பு. ஒரு இடத்துல காரணம் அடைக்குது, இன்னொரு இடத்துல மூச்சு அடைபடுது, இலக்கணம் ஒத்துக்குமான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. மூக்கடைப்புல மூக்கு அடைபடுது, கல்லடைப்புல கல்லு அடைக்குது, ரெண்டையும் ஒரே டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான இருக்கோம்.

இந்த நாலுல மூச்சடைப்பையும் கசடடைப்பையும் வீட்லயே பிரிச்சு கண்டுபிடிக்கவும் முடியும், அதனாலதான் தனித்தனி பேர் வேணும்ங்கறேன். எஞ்சின் ஆறினப்புறம், பக்கத்துல பீடி சிகரெட் இல்லாம, கார்ப்பரேட்டர் பக்கத்து பைப்ப கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, டேங்குக்கு அடியில பெட்ரோல தொறந்து மூடுற திருகு, அதான் பெட்ரோல் காக், அத தொறங்க. நல்லா கொட்டிட்டு போகப்போக நூலாகி நின்னுதுன்னா டேங்க் மூடிய தொறங்க, உடனே கொட்டினா மூச்சடைப்பு. மூடி தொறந்தும் ஆரம்பத்துலேர்ந்தே சொட்டு சொட்டா வந்தா காக்குலயோ அதோட ஃபில்டர்லயோ கசடடைப்பு. பைப்ல தடங்கலே இல்லாம வந்தா மட்டும்தான் கார்ப்பரேட்டர தொடணும், உள்ள பெட்ரோல் வரத்த நிறுத்தி விடுற மிதவை ஊசி ஒட்டிக்கிச்சா ஜெட்ல அழுக்கான்னு. எனக்கு முதல் கடையில இத தலைகீழா செஞ்சாங்க.

> எந்த மெக்கானிக்கும் இதைச் சொல்லப் போவதில்லை.

பேருந்து நிலைச்சுது, மகிழுந்து நிலைக்கல, யாரு முன்கூட்டி சொன்னாங்க? அதுவும் இல்லாம இந்த சொல்ல நான் உக்காந்து செய்யல, பாதிய அந்த தம்பி வாய்லேர்ந்துதான் எடுத்தேன்.

கடைசியா பெட்ரோல் காக். "எரிபொருள் கட்டுப்பாட்டு அடைப்பிதழ்"னு ஒருத்தர் போட்டிருக்கார், அத சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெட்ரோல் ஓடிடும், தவிர வால்வு அடைப்பிதழ், கோளாறு அடைப்புன்னா குழப்பம்தான். மடைன்னு வெக்கலாமே. ஏரியில தண்ணி விட மடை, டேங்குல பெட்ரோல் விட மடை. காக்குக்குள்ள உயரமா ஒரு குழாய் நிக்கும், அடியில ஒரு ஓட்டை இருக்கும், மட்டம் குழாய்க்கு கீழ போனாதான் ரிசர்வுக்கு திருப்புறோம். அப்ப அது மேல்மடை, இது கீழ்மடை. தண்ணியும் துருவும் அடியில தங்குறதால கீழ்மடைய தொறந்ததும் அதுதான் மொதல்ல வரும், ஏரியில சேறு வர்ற மாதிரி. எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு, ஆனா "வண்டி கீழ்மடைல ஓடுது"ன்னு வீட்ல சொல்லி பாத்தேன், என்னன்னே கேக்காம சிரிச்சாங்க. யாராச்சும் இந்த வாரம் புதுப்பேட்டை பக்கம் ஸ்பேர் வாங்க போனா கடைக்காரர்கிட்ட மடைன்னு ஒரு தடவ கேட்டு பாத்துட்டு என்ன சொன்னார்னு எழுதுங்க.