கேரவனுக்குப் பின்னால் கட்டி இழுக்க எந்தச் சிறிய கார் சரி?

அஸ்தம்பட்டி வீட்டுவண்டி:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, முறைப்படி கேரவனாகப் பதிவை மாற்றிக்கொண்டோம். வண்டி ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் இருக்கிறது. ஓர் இடத்தில் நிறுத்திச் சமையலைத் தொடங்கிவிட்டால், அதன்பிறகு ஒரு பால் பாக்கெட் வாங்குவதற்குக்கூடப் பாத்திரங்களை எல்லாம் உள்ளே அடைத்து, ஜன்னல்களை மூடி, வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. போன மே மாதம் ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி மூன்று முறை வந்தும் நிறுத்த இடம் கிடைக்காமல், இறங்காமலேயே சேலத்துக்குத் திரும்பினோம். என் தாயார் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

ஆகவே, வெளிநாடுகளில் செய்வதைப் போல ஒரு சிறிய காரை, நான்கு சக்கரங்களும் தரையில் உருளும்படி, இரும்புச் சட்டத்தால் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் மேனுவல் கியர் உள்ள 2014ஆம் ஆண்டு ஆல்ட்டோ 800 இருக்கிறது. மைத்துனரிடம் ஒரு பழைய நானோ சும்மா நிற்கிறது. புதிதாக ஓர் ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும் என்பது மகளின் ஆசை. இந்த மூன்றில் எது சரி?

டெக்சாஸ் சேலத்தான்:

நான் பேர்லண்ட்ஸில் வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேரவனில் ஊர் சுற்றுபவன். உங்கள் கேள்விக்கான விடையை முதலில் கியர் பாக்ஸில் தேட வேண்டும், பிறகுதான் விலையும் எடையும்.

வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் எண்ணெயைச் சுழல விடும் பம்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது. இன்ஜின் நின்றிருக்கச் சக்கரங்கள் மட்டும் உருண்டால், உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் உரசிக் கருகும். பல்சக்கரங்களுக்குப் பதில் பட்டையால் இயங்கும் சிவிடி வகைக்கும் இதே ஆபத்து உண்டு. இங்கே ஹோண்டா சிஆர்வி பல ஆண்டுகள் கேரவன்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2015ஆம் ஆண்டு மாடலில் சிவிடி வந்ததும், நான்கு சக்கரங்களில் இழுக்கலாம் என்ற அனுமதி போய்விட்டது. ஜீப் ராங்லர் இன்றும் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அதில் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸிலேயே ஒரு நியூட்ரல் இருப்பதுதான். மேனுவல் கார்களில், இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் சுழலும்போதே எண்ணெயை வாரி இறைத்துவிடுவதால், பலவற்றை நியூட்ரலில் இழுக்கலாம். சிலவற்றில் மேலே உள்ள பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டாது. அதனால் காரோடு வந்த கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறார்களோ அதுவே முடிவு.

மகளின் ஆசையை நான் தடுக்கவில்லை, ஆனால் அந்தக் காரைப் பின்னால் கட்டாதீர்கள். கிளட்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வகையின் உட்புறம் மேனுவல்தான் என்று கடைக்காரர் சொல்வார். கியரில் நின்ற நிலையில் அணைத்துவிட்டால் அது கியரிலேயே இருக்கும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். மின்சாரக் காரின் மோட்டாரோ சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டே வரும். அதைத் தரையில் உருட்டி இழுக்கவே கூடாது. என் வாக்கு ஆல்ட்டோவுக்கே.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

டெக்சாஸ் ஐயா கியர் பாக்ஸைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பந்தி தொடங்கும் முன்பே பாயசத்துக்கு வந்துவிட்டார். நம் ஊர்ச் சாலையில் இப்படி இழுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதல்லவா முதல் கேள்வி?

1989ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகள், பழுதாகி நின்ற வண்டி, முழுமையாகக் கட்டி முடிக்கப்படாத வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர், சைடு கார் ஆகியவற்றைத் தவிர வேறு எந்த வாகனத்தையும் மற்றொரு மோட்டார் வாகனம் இழுக்கக் கூடாது என்று கூறின. பழுதான வண்டியை இழுக்கும்போதும் இடைவெளி 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் வரும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ள ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பவையும் அவற்றில் இருந்தன. 2017இல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஒழுங்குமுறைகளும் இந்த அடிப்படையிலிருந்து விலகவில்லை. உங்கள் ஆல்ட்டோ பழுதானதும் அல்ல, டிரெய்லரும் அல்ல.

இரண்டாவதாக, இழுவைச் சட்டத்தை மாட்டுவதற்குக் காரின் முன்புறம் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. முன்பக்கத்தில் வெறும் காப்புக் கம்பி வைப்பதற்கே 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

என் பட்டறைக்கு ஒருமுறை இப்படி ஒரு கார் வந்தது. தெரிந்தவரின் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, ஓமலூர் வரை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தகடு அப்பளம்போல் வளைந்து, ரேடியேட்டரின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெல்டிங் உடையவில்லை, அதைச் சுற்றியிருந்த தகடுதான் கிழிந்தது.

டெக்சாஸ் சேலத்தான்:

நீங்கள் சொல்லும் விதி, கயிறு கட்டி இழுப்பதை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அதில் உள்ள 5 மீட்டர் கணக்கே காட்டுகிறது. கேரவன் என்ற வாகனமே நம் சாலைகளுக்குப் புதிது. பிரிட்டனில் ஏ வடிவச் சட்டத்தில் கட்டிய காரை டிரெய்லராகவே கருதி, அதன் பிரேக் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்து அனுமதிக்கிறார்கள். இங்கும் அப்படி ஒரு வழி பிறக்க வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன? வெல்டிங் பற்றி நீங்கள் சொன்னது மோசமான வேலைக்கு உதாரணமே தவிர, அந்த முறைக்கே எதிரான சாட்சி அல்ல.

மிளகுக்கொடி, ஏற்காடு:

வழி பிறக்கட்டும், வரவேற்கிறேன். அது பிறக்கும் வரை எங்கள் மலைப்பாதையில் பரிசோதனை வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். முப்பது ஆண்டுகளாக அடிவாரத்துக்கும் எஸ்டேட்டுக்கும் இடையே நானே வண்டி ஓட்டி வருகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், மேலிருந்து பேருந்து இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதிதான். ஆனால் பேருந்து பாதி வளைவில் மூக்கை நுழைத்துவிட்ட பிறகு அந்த விதியைப் பேசிப் பயனில்லை, கீழே இருப்பவர்தான் பத்தடி பின்னே போக வேண்டும். இரும்புச் சட்டத்தில் கட்டிய காரோடு உங்களால் பத்தடி அல்ல, இரண்டடிகூடப் பின்னால் போக முடியாது. தள்ளத் தொடங்கியதும் காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுதும் மடங்கி, கார் குறுக்கே நிற்கும். அதைக் கழற்றி, ஒருவர் ஏறி ஓட்டி ஓரங்கட்டும் வரை, மேலேயும் கீழேயும் நிற்கும் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இறக்கத்துக்கு ஒரு சிறு கணக்கும் சொல்கிறேன். காரும் அதில் உள்ள சாமான்களும் சேர்ந்து 750 கிலோ என்று கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்குகிறோம். அந்த எடை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொண்டாலும், மிச்சம் அனைத்தும் ஏற்கெனவே தன் சொந்த எடையால் சூடேறிக்கொண்டிருக்கும் டிராவலரின் பிரேக்கில்தான் வந்து இறங்கும். பின்னால் உள்ள காரின் பிரேக்கை ஒரு கருவி வைத்து அழுத்தலாம் என்பீர்கள். இன்ஜின் நின்ற காரில் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும் என்பதை யாராவது நிறுத்தி வைத்த காரில் மிதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அஸ்தம்பட்டி வீட்டுவண்டி:

அம்மா, நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. கட்டிய காரோடு மலை ஏறும் எண்ணமே எனக்கு இல்லை. கேரவனை அடிவாரத்தில் பணம் கொடுத்து ஒரு தோப்பில் நிறுத்திவிட்டு, காரை மட்டும் கழற்றிக்கொண்டு மேலே வருவதே திட்டம். கோடை விழா நாட்களில் குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லித் திருப்பி விட்டாலும், சிறிய காருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஏற்காடு ஓர் உதாரணம்தான். ஒகேனக்கல், ராமேசுவரம் என்று நீண்ட பயணங்களுக்கும் இதே ஏற்பாட்டை நினைத்தேன்.

மிளகுக்கொடி, ஏற்காடு:

அப்படியானால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. ஆனால் ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது தொப்பூர்க் கணவாய் இறக்கம் உங்கள் வழியில்தான் இருக்கிறது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போன லாரிகளின் கதை சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

திட்டம் இதுவென்றால், பதிவு செய்த, பிரேக் உள்ள டிரெய்லரில் காரை ஏற்றிச் செல்வதுதான் சட்டத்துக்கு ஒத்த வழி. கார் டிரெய்லரின் மேல் ஏறிவிட்டால் கியர் பாக்ஸ் கேள்வியே எழாது. மகள் ஆசைப்படும் ஆட்டோமேட்டிக்கூட ஏறலாம். அங்கே எடைதான் ராஜா. டிரெய்லரே சில நூறு கிலோ இருக்கும் என்பதால், ஒவ்வொரு ஐம்பது கிலோவும் கணக்கு. அந்த நோக்கில் நான் நானோவைச் சொல்வேன். தொடக்ககால நானோ 600 கிலோவைச் சற்றே தாண்டும், நீளம் 3.1 மீட்டர். ஆல்ட்டோ 700 கிலோவை ஒட்டி வரும், நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். டிரெய்லரும் அந்த அளவுக்குக் குட்டையாகும்.

டெக்சாஸ் சேலத்தான்:

நானோவைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதன் இன்ஜின் பின்னால் இருக்கிறது. வழக்கம்போல் முகத்தை முன்பக்கம் வைத்து ஏற்றினால் பாரம் டிரெய்லரின் வாலுக்குப் போய்விடும். இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மேல் போதிய பாரம் அமராத டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல நெளியத் தொடங்கும். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமர வேண்டும் என்பது பாலபாடம். நானோவைப் பின்னோக்கி ஏற்ற வேண்டும், அல்லது டிரெய்லரின் மேல் காரின் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதற்கென்றே முன்னே தள்ளி அமைக்க வேண்டும். ஆல்ட்டோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்ஜின் முன்னால் இருப்பதால் பாரம் தானாகவே கொக்கிப் பக்கம் சாயும். தவிர, நானோவின் உற்பத்தி 2018இல் நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு கிளட்ச் கேபிள் அறுந்தால் எங்கே போய்த் தேடுவது?

டிரெய்லரிலும் ஒரு குறை உண்டு. தங்குமிடத்தில் காரை இறக்கிய பிறகு அந்த வெற்று டிரெய்லரையும் எங்காவது நிறுத்த வேண்டும். நான் தரையில் உருட்டி இழுக்கும் முறையை விரும்புவதே அதனால்தான். ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் இப்போது இருக்கும் நிலையில் அதை வற்புறுத்த மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

இன்ஜின் பற்றிச் சொன்னது நியாயம். நானோவைப் பின்னோக்கி ஏற்றுவது முடியாத காரியம் அல்ல, ஆனால் ஒவ்வொரு முறையும் சரிவுப் பலகையில் ரிவர்ஸ் எடுத்து ஏற்ற வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி, ஏற்காடு:

இத்தனை இரும்பும் செலவும் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. வீட்டில் இன்னொருவருக்கு உரிமம் இருந்தால் அவர் ஆல்ட்டோவை ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டுமே. அடிவாரம் வரைக்கும் அது போதாதா?

அஸ்தம்பட்டி வீட்டுவண்டி:

அடிவாரம் வரைக்கும் போதும், அம்மா. ராமேசுவரத்துக்கு அப்படித்தான் போனோம். என் மனைவி மதுரை வரை தனியாக ஆல்ட்டோவில் வந்தார். திண்டுக்கல் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, "நீங்கள் எல்லாரும் வீட்டில் போகிறீர்கள், நான் மட்டும் வேலைக்குப் போகிறேன்" என்றார். கேரவனில் குழந்தைகள் பாட்டியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகுதான் கட்டி இழுக்கும் யோசனையே வந்தது.

ஏற்காட்டுக்கு அம்மா சொன்னபடி தனியாக ஓட்டி வருகிறோம். நீண்ட பயணத்துக்கு ஆல்ட்டோவும் டிரெய்லரும் என்று முடிவு செய்திருக்கிறேன். இரும்புச் சட்டம் அடிக்கும் யோசனையைக் கைவிட்டேன். டிராவலர் எவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எடை மேடைக்குப் போகிறேன். பதில் வந்த பிறகே டிரெய்லருக்கு முன்பணம்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பேனர்:

மொத்த எடையோடு நிறுத்திவிடாதீர்கள். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இரண்டாவது சீட்டு ஒன்றும் வாங்குங்கள். கொக்கியில் அமரும் பாரம் பின் அச்சில்தான் விழும். உங்கள் தண்ணீர்த் தொட்டியும் பின்னால்தான் இருக்கிறது என்றால், காரைப் பற்றி யோசிக்கும் முன்பே தொட்டியை நடுவுக்கு நகர்த்த வேண்டியிருக்கலாம்.