விளம்பர மடல்களில் படங்களுக்கு மாற்று உரை: சேலத்து அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து, பார்வையற்ற வங்கி அலுவலர்:

ஆடி பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் துணிக்கடைகளின் தள்ளுபடியும் சேலத்தில் ஒன்றாகக் களைகட்டும். என் மின்னஞ்சல் பெட்டியும் நிரம்பிவிடும். கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானையும் கைப்பேசியில் டாக்பேக்கையும் நான் பயன்படுத்துகிறேன். திரையில் எழுத்தாக இருப்பதை இரண்டும் தடையின்றிக் குரலில் வாசிக்கும். ஆனால் எனக்கு வரும் விளம்பரங்களில் பல, மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக வடிவமைக்கப்பட்டவை. கடையின் பெயர், தள்ளுபடி, கடைசி நாள் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அப்படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்ல அதனுடன் மறைவாக இணைக்கும் சிறு எழுத்து விவரணை) எழுதாமல் அதன்மீது இணைப்பை மட்டும் வைத்தால், திரைவாசிப்பான் வேறு வழியின்றிக் கோப்பின் பெயரையோ இணைப்பு முகவரியையோ வாசிக்கத் தொடங்குகிறது. சென்ற ஆடியில் ஒரு கடையின் மடலைத் திறந்தபோது ‘கிராஃபிக், இணைப்பு, பேனர் ஃபைனல் 3’ என்று கேட்டது. அதற்குக் கீழே எழுத்தாக இருந்த ஒரே வரி, இனி மடல் வேண்டாமெனில் சொடுக்க வேண்டிய இடத்தைப் பற்றியது.

அதே சமயத்தில்தான் அக்காள் மகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் சீராகப் புடவை எடுக்கவேண்டியிருந்தது. சீர்ப் புடவையை நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். இளம்பிள்ளைப் பக்கத்துச் சிறு விற்பனையாளர் ஒருவரின் மடலில், ஒவ்வொரு படத்துக்கும் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘அரக்கு நிற உடல், நான்கு விரல் அகலச் சரிகைக் கரை, முந்தியில் மாங்காய் புட்டா, ரவிக்கைத் துணி பச்சை, விலை 2,850 ரூபாய்.’ இதைக் கேட்ட மாத்திரத்தில் என்னால் முடிவெடுக்க முடிந்தது. கடையில் நின்று விற்பனையாளரிடம் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் அத்தனைக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது.

பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன் என்று நல்லெண்ணத்துடனேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரக்கு முகூர்த்தத்துக்கு ஆகும், கறுப்பு கலந்திருந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்பதையெல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். நிறம் எனக்குக் காட்சியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது என் குடும்பத்தின் வழக்கத்திலும் விருப்பத்திலும் கலந்த செய்தி. ஆகவே மடல் எழுதுவோர் நிறத்தைத் தயங்காமல் சொல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். ‘அழகிய புடவை’ என்ற மாற்று உரையிலிருந்து எனக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஏற்காட்டிலிருந்து, காப்பித் தோட்டம் ஒன்றின் மடல்களைத் தயாரிப்பவர்:

ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் தோட்டத்து அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலந்தொட்டு இங்கே சொல்வதற்குக் கதைகளும் காட்டுவதற்குக் காட்சிகளும் ஏராளம் என்பதால், எங்கள் மடல்களில் படம் எப்போதும் அதிகம். மடலின் தலைப்பில் சேர்வராயன் மலைமேல் பனி மூடியிருக்கும் படம் ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். அதற்கு நீண்ட வருணனை வேண்டும் என்று தோட்டத்து உரிமையாளர் விரும்பினார். மலையின் மீது அவருக்கிருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு மடலிலும் முதலில் அதே வருணனையைக் கேட்டுவிட்டுத்தான் விலைப்பட்டியலுக்கு வரவேண்டும் என்பது, காதால் படிப்பவருக்கு வீண் காத்திருப்பு என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். அலங்காரப் படத்துக்கு மாற்று உரையின் இடத்தை விட்டுவைத்து, உள்ளே எதுவும் எழுதாமல் வெறுமையாக வைத்தால் திரைவாசிப்பான் அதைக் கடந்து சென்றுவிடும். இடத்தையே நீக்கிவிட்டால்தான் ஐயா சொன்ன கோப்புப் பெயர்த் தொல்லை வருகிறது.

எந்தப் படம் அலங்காரம், எந்தப் படம் செய்தி என்பது படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடியதன்று. சில்வர் ஓக் நிழலில் பெண்கள் பழம் பறிக்கும் ஒரு படம் எங்களிடம் இருக்கிறது. கோடையில் அனுப்பும் மடலில் அது வெறும் அலங்காரம். நவம்பரில் அதே படத்தை வைக்கும்போது, ‘சிவந்து முற்றிய பழங்களைப் பெண்கள் கையால் பறிக்கிறார்கள், இவ்வாண்டின் அறுவடை தொடங்கிவிட்டது’ என்று எழுதுகிறேன், ஏனெனில் அப்போது அந்தப் படம் சொல்ல வருவதே அதைத்தான். தானாக விவரணை எழுதித்தரும் மென்பொருளை எங்கள் வடிவமைப்பாளர் முயன்று பார்த்தார். வறுத்த கொட்டைகள் நிறைந்த மூன்று கிண்ணங்களின் படத்துக்கு, ‘மேசைமீது பழுப்பு நிற விதைகள்’ என்று அது எழுதியது. பொய்யில்லை, ஆனால் வாங்குபவருக்குத் தேவையான வேறுபாடு அதில் இல்லை. இளவறுப்பு இலவங்கப்பட்டை நிறத்தில் உலர்ந்து இருக்கும், முதிர்வறுப்பு கரும்பழுப்பாகி மேலே எண்ணெய் மினுமினுக்கும், நடுத்தரம் இரண்டுக்கும் இடையில் நிற்கும் என்று நாங்களே எழுதினோம்.

அலுவலகங்களில் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் பலருக்கு, அனுமதி தரும்வரை படங்கள் திறப்பதில்லை. படத்தின் இடத்தில் மாற்று உரைதான் தெரியும். பார்வையுள்ள அவர்களும் அதைப் படித்துவிட்டு விசாரிக்கிறார்கள். ஆயினும் தள்ளுபடி, தேதி, விலை ஆகியவற்றை இப்போது நாங்கள் படத்துக்குள் எழுதுவதே இல்லை; அவை மடலின் உடலில் எழுத்தாகவே இருக்கின்றன. மற்றொன்று, மடலின் மொழி தமிழ் என்பதை நிரலில் குறிப்பிட்டுவிட வேண்டும். அது இல்லாவிட்டால், தமிழ்க் குரல் நிறுவியிருந்தாலும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே தமிழை வாசிக்க முயன்று தடுமாறக்கூடும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து, வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருப்பவர்:

எங்களுக்கு இந்த அக்கறை ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் வழியாக வந்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பொருள்களும் சேவைகளும் அமையவேண்டும் என்னும் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கு இணையவழியில் விற்கும் சேவைகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், எங்களிடம் வாங்கி விற்கும் பெரிய கடைகளுக்கு அது கிடையாது. ஆகவே பொருட்படங்களுடன் மாற்று உரையையும் சேர்த்து அனுப்பும்படி அவர்கள் கேட்டார்கள். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடக உள்ளடக்கங்கள் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்கிறது. எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. உலகெங்கும் பின்பற்றப்படும் இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளில் (WCAG), எழுத்தல்லாத எதற்கும் எழுத்து வடிவம் தரவேண்டும் என்பதே 1.1.1 என்ற எண் கொண்ட முதல் நிபந்தனை. அதுவும் மிக அடிப்படையான முதல் நிலையைச் சேர்ந்தது. ஆகவே இதை வெளிநாட்டார் விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நடைமுறையில், படம் எடுப்பவரைவிடத் தறி மேற்பார்வையாளரே மாற்று உரைக்குச் சரியான ஆள் என்று கண்டுகொண்டோம். நூல் எண், கட்டத்தின் அளவு, ஓரம் மடித்துத் தைத்ததா குஞ்சம் விட்டதா என்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் சொல்வதை முழுவதும் எழுதினால் மேசைவிரிப்பு ஒன்றுக்கே ஒரு பத்தி ஆகிவிடுகிறது. இப்போதைக்கு நிறம், வடிவம், அளவு மூன்றையும் மாற்று உரையில் வைத்து, எஞ்சியதைப் படத்தின் கீழே எல்லோரும் படிக்கும் எழுத்தாகத் தருகிறோம். அஸ்தம்பட்டி ஐயாவிடம் ஒரு கேள்வி: பத்துப் பதினைந்து பொருள்கள் உள்ள மடலைக் கேட்கும்போது இந்த மூன்றும் உங்களுக்குப் போதுமா, அல்லது விலையும் படத்தோடேயே வந்துவிடுவது வசதியா?