ஷாக் அப்சார்பர் மாற்றியபின் ஹெட்லைட் மட்ட எச்சரிக்கை விளக்கு அணையவில்லை: சென்சார்தான் காரணமா?

கேள்வி

வணக்கம். என் காரில் செனான் ஹெட்லைட்டுகள் உள்ளன. வண்டியில் ஏற்றும் சுமைக்கு ஏற்ப ஒளியின் உயரத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் அமைப்பும் உண்டு. அண்மையில் பின்பக்க ஷாக் அப்சார்பர்களையும் தளர்ந்துபோயிருந்த ஸ்பிரிங்குகளையும் ஒரு பணிமனையில் மாற்றினேன். வண்டியை எடுத்துவந்த அன்றிரவே, டேஷ்போர்டில் ஹெட்லைட் படமும் மேல்கீழ் அம்புக்குறியும் கொண்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. முன்பெல்லாம் ஹெட்லைட்டைப் போட்டவுடன் ஒளி ஒருமுறை கீழே இறங்கி, மீண்டும் மேலே வந்து நிலைகொள்ளும். இப்போது கீழே இறங்குவதோடு நின்றுவிடுகிறது. சாலையில் சிறிது தூரத்துக்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

பணிமனையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோது, பின்பக்க உயரச் சென்சாரின் சிக்னல் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற பிழைக்குறி வந்தது. அதை அழித்தாலும் அடுத்த முறை இக்னிஷனைப் போட்டதும் திரும்பி வந்துவிடுகிறது. சென்சாரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேலைக்கு வண்டியை விடும்வரை ஒழுங்காக இருந்த சென்சார் அதே நாளில் தற்செயலாகக் கெட்டிருக்குமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. என்னிடம் ஒரு மல்டிமீட்டரும், எஞ்சின் தவிர மற்ற கட்டுப்பாட்டு அலகுகளின் லைவ் டேட்டாவையும் படிக்கக்கூடிய ஸ்கேனரும் உள்ளன. புதியதை வாங்குவதற்கு முன் பழையது பழுதா இல்லையா என்பதை உறுதிசெய்ய முடியுமா? அதுவரை இரவில் ஓட்டுவதில் ஆபத்து உண்டா?

முதல் பதில்

இரவுப் பயணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளி தாழ்ந்து நிற்பது அந்த அமைப்பு வேண்டுமென்றே செய்யும் காரியம். வண்டி எந்த அளவு சாய்ந்து நிற்கிறது என்பது தெரியாதபோது, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் இருப்பதற்காகக் கட்டுப்பாட்டு அலகு இரண்டு விளக்குகளையும் கீழே இறக்கி வைத்துவிடுகிறது. எனவே மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் பார்வை தூரம் மிகவும் குறைந்துவிடுகிறது. பை-செனான் வகையாக இருந்தால் ஹை பீமும் அதே புரொஜெக்டரிலிருந்துதான் வருகிறது. அதுவும் தாழ்ந்தே இருக்கும் என்பதால் அதை நம்பி வேகமாகச் செல்ல வேண்டாம். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி ஒளியை உயர்த்த யாரையும் விடாதீர்கள். கோளாறு சரியான அன்று மோட்டார் தன் பங்குக்கு ஒளியை மேலே கொண்டுவரும். திருகில் ஏற்றிய உயரமும் அதனுடன் சேர்ந்து எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்தில் போய் விழும்.

இனி சென்சார். அது வண்டியின் உடலிலோ சப்ஃபிரேமிலோ போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையின் நுனியையும், சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் ஒரு மெல்லிய தண்டு இணைக்கும்; தண்டின் இரு முனைகளிலும் சிறிய பால் ஜாயிண்டுகள் இருக்கும். பின்னால் சுமை ஏறி வண்டி அமுங்கும்போது தண்டு கையை நகர்த்தும். கை திரும்பிய கோணத்தைத்தான் சென்சார் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது.

ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது சஸ்பென்ஷன் ஆர்ம் சாலையில் எப்போதும் போகாத அளவுக்குக் கீழே தொங்கிவிடும். தண்டைக் கழற்றி வைக்காமல் அந்த வேலையைச் செய்தால், கையும் தண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதையும் தாண்டி மறுபக்கம் மடங்கிவிடும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கினாலும் கை பழைய பக்கத்துக்குத் திரும்புவதில்லை. சென்சாருக்கு எந்தக் கேடும் நேர்ந்திருக்காது; அது உள்ளபடிதான் சொல்கிறது, ஆனால் அது சொல்லும் கோணம் அந்த வண்டியில் நிகழவே முடியாத ஒன்று. சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகு உடனே எரியும் இந்த விளக்குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பள்ளத்தின் மேல் அல்லது சாய்தளத்தின் மேல் ஏற்றி, நான்கு சக்கரங்களும் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் பாருங்கள். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழைய வேண்டாம். மேலும், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தால் கையின் கோணமும் மாறியிருக்கும் என்பதால் அந்த நிலையில் பார்ப்பதில் பயனில்லை. கை எந்தப் பக்கம் நோக்கி நிற்க வேண்டும் என்பதைச் சர்வீஸ் மேனுவலில் உள்ள படத்துடன் ஒப்பிடுங்கள். மடங்கியிருந்தால் தண்டின் ஒரு முனையைப் பந்திலிருந்து நெம்பி எடுத்து, கையைச் சரியான பக்கத்துக்குத் திருப்பி, மீண்டும் அழுத்திப் பொருத்தினால் போதும். கழற்றியிருக்கும்போதே தண்டின் இரு முனைகளையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். துருவேறி இறுகியிருந்தால் தண்டு கையை வளைக்கும், கடைசியில் பிளாஸ்டிக் பகுதி ஒடியும். அப்போது பல வண்டிகளுக்குத் தண்டு மட்டும் தனியாகவே கிடைக்கிறது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். தண்டு சரியாக இருந்தும் பிழை வந்தால் மல்டிமீட்டர் கைகொடுக்கும்.

பெரும்பாலான சென்சார்களில் மின்சாரம், எர்த்து, சிக்னல் என்ற மூன்று ஒயர்கள் முக்கியமானவை. கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசிமுனையைச் செருகி இக்னிஷனைப் போட்டு அளக்க வேண்டும். மின்சார ஒயருக்கும் சென்சாரின் எர்த்து ஒயருக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். எர்த்து ஒயருக்குப் பதிலாக வண்டியின் உடலைத் தொட்டு அளந்து 5 வோல்ட் வந்தது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். அப்படி அளந்தால் எர்த்து ஒயரில் உள்ள கோளாறு மறைந்துவிடும். சிக்னல் ஒயரில் பொதுவாக 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவு வரும். வெறும் வண்டி சமதளத்தில் நிற்கும்போது அது நடுப்பகுதியில், ஏறக்குறைய 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். தண்டைக் கழற்றிவிட்டுக் கையை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தினால் அளவு சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குதித்தாலோ, எவ்வளவு நகர்த்தினாலும் அசையாமல் நின்றாலோதான் சென்சாரைக் குறைசொல்ல முடியும். சில வண்டிகளில் சிக்னல் துடிப்புகளாக வருவதால் மீட்டர் சராசரியை மட்டுமே காட்டும். அங்கே ஸ்கேனரின் லைவ் டேட்டாவை நம்புவதே நல்லது.

5 வோல்ட்டே வரவில்லை என்றால், முன்பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட் இணைப்பு செல்லும் வண்டிகளில், முன் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால் பின் சென்சாரும் சேர்ந்து செயலிழக்கும். முன்பக்கக் கனெக்டரைக் கழற்றியதும் பின்னால் 5 வோல்ட் திரும்பினால் குற்றவாளி எது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகள் அனைத்தையும் சென்சார் இருக்கும் இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். செனான் விளக்கு பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் உருவாகிறது. அந்தப் பக்கம் மீட்டர் முனையைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் பதிலில் சொன்னபடியே இருந்தது. சஸ்பென்ஷன் ஆர்மின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டிய கை நேர் எதிர்ப்பக்கம் மடங்கிக் கிடந்தது; லைவ் டேட்டாவில் சிக்னல் 4.8 வோல்ட் என்று காட்டியது. தண்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தியதும் 2.6 வோல்ட்டுக்கு வந்தது. டிக்கியின் விளிம்பை அழுத்தினால் அளவு சீராக மாறுகிறது. பிழைக்குறியை அழித்தேன், அது திரும்பவில்லை, எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிட்டது.

ஆனால் இப்போது எதிரே வருபவர்கள் எனக்கு ஹை பீம் அடித்துக் காட்டுகிறார்கள். பணிமனையில் விசாரித்தபோது, வெளிச்சம் போதவில்லை என்று நான் சொன்னதால் இரு பக்கத் திருகுகளையும் சிறிது ஏற்றிவைத்ததாகச் சொன்னார்கள். திருகை இறக்கிவிட்டால் போதுமா, அல்லது சென்சாருக்குக் கேலிபரேஷன் செய்ய வேண்டுமா?

மூன்றாம் பதில்

இரண்டும் வேண்டும், ஆனால் கேலிபரேஷன் முதலில், திருகு அதன் பிறகு. சென்சாரை மாற்றாவிட்டாலும் ஸ்பிரிங் மாறியிருக்கிறது. வண்டியின் உயரத்தைப் பாதிக்கும் எந்த வேலைக்குப் பிறகும் பூச்சிய நிலையைப் புதிதாகப் பதிவுசெய்யச் சொல்லும் மேனுவல்கள் பல உண்டு. உங்கள் வண்டியின் மேனுவலும் அப்படிச் சொன்னால் தவிர்க்க வேண்டாம்.

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, டயர்களில் சரியான காற்றழுத்தம் இருப்பதை உறுதிசெய்து, டிக்கியையும் இருக்கைகளையும் காலி செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையில் 75 கிலோ எடை வைக்கச் சொல்வது வழக்கம். எரிபொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் முன்பின் பகுதிகளைச் சிலமுறை அமுக்கி விட்டு, சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்தில் அமரவிடுங்கள். பிறகு ஸ்கேனரில் ஹெட்லைட் கட்டுப்பாட்டு அலகுக்குள் சென்று அடிப்படை அமைப்பு என்ற கட்டளையைக் கொடுத்தால், மோட்டார்கள் விளக்குகளை ஒரு குறிப்பு நிலைக்குக் கொண்டுசெல்லும். அந்த நொடியில் சென்சார் சொல்லும் அளவு பூச்சியமாகப் பதிவாகும். அந்த நேரத்தில் யாரும் வண்டியில் சாயக்கூடாது, கதவையும் திறக்கக்கூடாது. உங்கள் ஸ்கேனருக்கு அந்தக் கட்டளை இல்லை என்றால், உள்ள இடத்தில் இதை மட்டும் செய்து வாங்குங்கள்.

விளக்குகள் குறிப்பு நிலையில் நிற்கும்போதே திருகைச் சரிசெய்ய வேண்டும். ஹெட்லைட்டின் மேற்புறத்தில் 1% அல்லது 1.2% என்பதுபோல ஓர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 1% என்றால் 10 மீட்டர் தூரத்தில் ஒளியின் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து இருள் தொடங்கும் மேல்விளிம்பு, 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்று பொருள். விளக்கின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 10 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் கோடு 60 சென்டிமீட்டரில் விழும். ஐக்கிய நாடுகளின் 48ஆம் எண் வாகன விதியும், 80 சென்டிமீட்டருக்குக் கீழே பொருத்தப்பட்ட லோ பீமுக்குத் தொடக்கச் சாய்வு 1% முதல் 1.5% வரை கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது.

இந்தச் சிறிய எண்களை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இரு அச்சுகளுக்கும் இடையே 2.6 மீட்டர் உள்ள வண்டியின் பின்பகுதி 5 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒளி ஏறக்குறைய 1.9% மேலே எழும். மட்டத்தைச் சரிசெய்ய எதுவும் இல்லை என்றால், 50 மீட்டர் தூரத்தில் விளக்கின் மட்டத்துக்கு 50 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டிய வெட்டுக்கோடு, அதே மட்டத்துக்கு 46 சென்டிமீட்டர் மேலே போய்விடும். தரையிலிருந்து சுமார் 1.16 மீட்டர். எதிரே வரும் காரின் ஓட்டுநருடைய கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு ஹாலஜன் எச்7 பல்பு சுமார் 1,500 லூமென் தரும். செனான் டி2எஸ் பல்பு 3,200 லூமென். 2,000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலத்துக்குத் தானியங்கி மட்ட அமைப்பை அதே விதி கட்டாயமாக்கியதன் காரணம் இதுதான்.

வேறொரு பயனர்

என் வண்டியில் இதே விளக்கு மழை நாட்களில் மட்டும் எரிந்து, காய்ந்ததும் அணைந்துவிடுகிறது. கேலிபரேஷன் விட்டுப்போயிருக்குமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

கேலிபரேஷன் மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. ஈரத்தில் வந்து காய்ந்ததும் மறையும் கோளாறு பெரும்பாலும் கனெக்டரில் அல்லது ஒயரில் இருக்கும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: பின்களில் பச்சை நிறப் பொடி படிந்திருக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். லேசான படிவத்தைக் காண்டாக்ட் கிளீனர் அகற்றிவிடும். பின் அரித்து மெலிந்திருந்தால் அந்த முனையையே மாற்றுவதுதான் முறை. அடுத்து, சென்சாரிலிருந்து முதல் கிளிப் வரை உள்ள ஒயரை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பர்போல நீளும். பின்களும் ஒயரும் நன்றாக இருந்தும் ஈரத்தில் பிழை வந்தால், சென்சாரின் உறையில் விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே போகிறது. அப்போது சென்சாரை மாற்றியே ஆகவேண்டும், மாற்றியதும் மேலே சொன்ன கேலிபரேஷனையும் செய்தாக வேண்டும்.

வளைவுகளில் ஒளியும் திரும்பும் வகை ஹெட்லைட்டாக இருந்தால் பிழைக்குறியின் வாசகத்தை முழுமையாகப் படியுங்கள். பல வண்டிகளில் ஸ்டீயரிங் கோணச் சென்சாருக்கும் விளக்கைத் திருப்பும் மோட்டாருக்கும் இதே எச்சரிக்கை விளக்குதான் எரியும். அவற்றில் ஒன்றின் பெயர் வந்தால், பின்சக்கரத்தின் பக்கம் போகவே தேவையில்லை.