மேற்பரப்பிழுவை: ஆய்வுகூடத்திலும் தோட்டத்திலும் பிழைக்கிற இடங்கள்

கிளிநொச்சி, உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்:

மயிர்த்துளைக் குழாயை வைத்து நீரின் மேற்பரப்பிழுவை காணும் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில்தான் பிழைக்கிறது. சமன்பாடு சரி, கணிப்புச் சரி, விடை மட்டும் மீற்றருக்கு 0.05 நியூட்டன் அளவில் வந்து நிற்கும். நூலில் 0.0728. பிள்ளை உடனே வாசிப்பைத் திருத்தி நூலோடு பொருத்தப் பார்க்கும். அதைச் செய்ய விடாதீர்கள். 0.0728 என்பது 20 பாகை செல்சியசுக்குரிய பெறுமானம். நம் ஆய்வுகூடங்களில் பகலில் 30 பாகை சாதாரணம், அந்த வெப்பநிலையில் 0.0712. மிச்சக் குறைவுக்குக் காரணம் குழாய்க்குள் இருக்கும் ஊத்தை. விரலால் தொட்ட எண்ணெய்ப்பசை போதும்.

விசயம் இதுதான். நீருக்குள் ஆழத்தில் இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அயல் மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே அயல் இல்லை. அதனால் நீர் தன் பரப்பை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைக்கப் பார்க்கிறது. நீர் நீரைப் பிடிப்பது பிணைவு விசை, நீர் கண்ணாடியைப் பிடிப்பது ஒட்டல் விசை. ஒட்டல் வென்றால் நீர் கண்ணாடியில் படர்ந்து ஏறும். பிணைவு வென்றால் இரசம் (பாதரசம்) மாதிரி உருண்டு நிற்கும். இரசத்தின் தொடுகைக் கோணம், அதாவது திரவப்பரப்பு சுவரைத் தொடும் இடத்தில் திரவத்துக்குள் ஆக்கும் கோணம், கண்ணாடியில் 140 பாகை அளவு, ஆகவே குழாய்க்குள் அது கீழே இறங்குகிறது. "நீரின் மேல் தோல் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். தோல் என்றால் இழுக்க இழுக்க இழுவை கூட வேண்டும். நீரின் பரப்பை எவ்வளவு விரித்தாலும் இழுவை மாறாது.

இனிச் செய்முறை. குழாயை ஐதான நைத்திரிக்கமிலத்தால் கழுவி, பிறகு குழாய்நீரால் பல தரம், கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலச வேண்டும். கையுறை கட்டாயம். சுத்தமானதா என்று பார்க்க ஒரு வழி: நீரை வழிய விடுங்கள். படலம் கிழியாமல் இறங்கினால் சுத்தம், துளித்துளியாய்ப் பிரிந்தால் திரும்பக் கழுவ வேண்டும். அடுத்தது, குழாயை முதலில் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கிவிட்டுப் பிறகு உயர்த்தி வாசிக்க வேண்டும். உட்சுவர் முன்னமே நனைந்திருந்தால்தான் தொடுகைக் கோணத்தைப் பூச்சியம் என்று எடுக்கலாம். காய்ந்த சுவரில் ஏறிவரும் நீர் எங்காவது ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய உயரம்: ஆரை 0.5 மி.மீ. என்றால் 29 மி.மீ., ஆரை 0.25 மி.மீ. என்றால் 58 மி.மீ. பாத்திரத்து நீர்மட்டத்தை நேரே வாசிக்க முடியாது, ஓரத்தில் நீர் வளைந்திருக்கும். குழாயோடு ஒரு வளைத்த ஊசியைக் கட்டி, அதன் முனை நீரை மட்டுமட்டாகத் தொடும்படி வைத்து, பாத்திரத்தை எடுத்துவிட்டு ஊசிமுனையை நகரும் நுணுக்குக்காட்டியால் பாருங்கள். ஆரையைக் குழாயின் நுனியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் எடுக்க வேண்டும். அங்கே 5 சதவீதம் பிழைத்தால் விடையும் 5 சதவீதம் பிழைக்கும்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே இது எங்கே பிடிபடுகிறது, எங்கே பிழைக்கிறது என்று தொழில் தெரிந்தவர்கள் அளவுகளோடு எழுதுங்கள்.

வவுனியா, ஆய்வுகூட உதவியாளர்:

சேர், நகரும் நுணுக்குக்காட்டி போதாத பாடசாலைகளுக்கு வழுக்கி முறையே நல்லது. வழக்கமான நுணுக்குக்காட்டி வழுக்கி, அதாவது கண்ணாடித் தகடு, 76 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிப்பு. நீண்ட விளிம்பு கிடையாக நீரைத் தொடும்படி தராசில் தொங்கவிட்டால் நீர் பிடிக்கும் சுற்றளவு 154 மி.மீ. 30 பாகையில் அது இழுக்கும் இழுவை ஏறக்குறைய 1.1 கிராம் நிறைக்குச் சமன். முக்கோல் தராசின் ஒரு பிரிவு 0.1 கிராம் என்பதால் ஒரு பிரிவு தவறினால் 9 சதவீதம் போய்விடும். ஆகவே ஐந்து தரம் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

அடிக்கடி நடக்கிற பிழை, வழுக்கி சரிந்து தொங்குவது. ஒரு மூலை முதலில் நீருக்குள் போனால் மேலுதைப்பு வந்து கலக்கும். கீழ்விளிம்பு முழுதும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைத் தொட வேண்டும். அடுத்த பிழை பாத்திரம். காலையில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி அரைகுறையாய் அலசியிருந்தால் 1.1 கிராம் 0.5 கிராமாக விழுந்துவிடும். கண்ணுக்கு அந்த நீரில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இந்த ஊத்தைக் கணக்கை முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஜேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பில்லாத ஒரு பெண், அக்னஸ் பொக்கெல்ஸ். வீட்டுக் குசினியில், ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, குறுக்கே வைத்த தகரக் கீற்றை நகர்த்தி, பரப்பிலிருக்கும் அழுக்கை ஒதுக்கியும் நெருக்கியும் இழுவை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அவருடைய கடிதத்தை இறேலி பிரபு நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பி வைக்க, 1891இல் அச்சாகியது. வசதி இல்லை என்று செய்முறையைத் தள்ளிப்போடும் இடங்களில் இந்தத் தொட்டியைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். பழைய பிஸ்கற் தகரம், மிளகுத்தூள், ஒரு தகரக் கீற்று, இவ்வளவுதான் வேணும்.

விசுவமடு, மிளகாய் வெங்காயத் தோட்டம்:

தோட்டத்தில இந்த விசயம் தெரியாட்டி மருந்துக் காசு நிலத்துக்குத்தான் போகும். வெங்காயத் தாளும் நெல்லிலையும் மெழுகுப் பிடிப்பு உள்ளது. வெறுந்தண்ணி விழுந்தால் உருண்டு கீழ போயிடும். தாமரை இலைத் தண்ணி எண்டு சொல்லுறது இதைத்தான். அங்க ஒட்டல் விசை காணாது, பிணைவு வெல்லுது. தண்ணியின்ர இழுவையைக் குறைச்சால் துளி படுத்துப் பரவும். அதுக்குத்தான் சவர்க்காரம்.

வேப்பெண்ணெய் அடிக்கிற ஆக்கள் செய்யுற பிழை கலக்கிற ஒழுங்கில. 16 லீற்றர் டாங்கிக்கு வேப்பெண்ணெய் 80 மி.லீ., பாத்திரம் கழுவுற திரவம் 20 மி.லீ. முதல்ல எண்ணெயையும் திரவத்தையும் ஒரு சின்ன வாளியில தனிய அடிச்சுக் கலக்கோணும். பிறகு ஒரு லீற்றர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, பால் மாதிரி வெள்ளையா வரும்வரை அடிக்கோணும். அதுக்குப் பிறகுதான் டாங்கிக்குள்ள ஊத்தி மிச்சத் தண்ணியை நிரப்புறது. தண்ணிக்கு மேல எண்ணெயை நேர ஊத்தினால் அது மிதக்கும். குழாய் அடியில இருந்து உறிஞ்சுறதால முதல் பன்னிரண்டு பதின்மூண்டு லீற்றரில மருந்தே இராது. கடைசியில தனி எண்ணெய் வந்து, அந்த வரிசைப் பயிர் கருகும். கலந்ததை ஒரு மணித்தியாலத்துக்குள்ள அடிச்சு முடிக்கோணும், இடையில டாங்கியைக் குலுக்கோணும்.

கூடப் போட்டால் நல்லம் எண்டு 100 மி.லீ. திரவம் ஊத்துற ஆக்கள் இருக்கினம். அது ரெண்டு விதத்தில கெடுக்கும். இலையின்ர மெழுகைக் கரைச்சு நுனி கருகும். அதோட தண்ணி அளவுக்கு மிஞ்சிப் பரவி இலை நுனிக்கு ஓடி வடிஞ்சுபோகும், இலையில நிக்கிற மருந்து குறையும். ஒரு இலையில சோதிக்கலாம்: துளி உருண்டு நிண்டால் காணாது, மெல்லிசாப் படுத்து நிண்டால் சரி, நுனியில சொட்டினால் கூடிப்போச்சு.

கட்டிச் சவர்க்காரம் சீவிப் போடுறது எல்லாக் கிணத்துக்கும் சரிவராது. சுண்ணாம்புத் தண்ணியில கல்சியம் சவர்க்காரத்தோட சேர்ந்து வெள்ளைத் திரளையாகும், அது தெளிகருவி வாயை அடைக்கும். போத்தல்ல பாதி கிணத்துத் தண்ணி விட்டு ரெண்டு சீவல் சவர்க்காரம் போட்டுக் குலுக்குங்கோ. நுரை நிக்காமல் மேல திரளை மிதந்தால் பாத்திரம் கழுவுற திரவத்தைத்தான் பாவிக்கோணும். கடை மருந்துக்கு இதையெல்லாம் நீங்களாச் சேர்க்காதேங்கோ. கனதுக்குள்ள பரவவைக்கிற பொருள் முன்னமே கிடக்கு, லேபலைப் பாத்துத்தான்.

முல்லைத்தீவு, கட்டட மேசன்:

சுவரில் ஈரம் ஏறுவதும் இதே மயிர்த்துளை வேலைதான். சேர் சொன்ன கணக்கின்படி ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு ஆரையுள்ள துளையில் நீர் 1.45 மீற்றர் ஏறலாம். சீமெந்துக் கல்லிலும் சாந்திலும் அதைவிட நுண்ணிய துளைகளும் உண்டு. ஆனாலும் ஈரக்கோடு பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள் நின்றுவிடும், ஏறும் நீருக்குச் சமனாகச் சுவர் முகத்தால் ஆவியாகிவிடுவதால். ஆவியாகும் இடத்தில் உப்பு மிஞ்சும். பூச்சு பொருமி உதிர்வது அந்த உப்பால்தான்.

அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. (ஈரம் ஏறாமல் தடுக்கும் படை) போடும்போது சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, 20 மி.மீ. தடிப்பு, காய்ந்த பிறகு சூடான தார் இரண்டு பூச்சு. தாரை நீர் நனைக்காது, ஏறும் பாதை அங்கே அறும். நான் அதிகம் காணும் பிழை இதுக்குப் பிறகு வருவது. உள்பூச்சோ வெளிப்பூச்சோ டி.பி.சி.யைத் தாண்டி நிலம்வரை இறக்கிப் பூசுவார்கள், அல்லது விறாந்தைக்கு மண் நிரப்பி அதை மூடுவார்கள். ஈரம் பூச்சு வழியாகச் சுற்றி ஏறும். டி.பி.சி.க்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. வெளிமண் மட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஈரம் ஏறிய சுவரை வெளியில் எண்ணெய்ப் பெயின்ற் அடித்து மூடுவது இன்னும் மோசம், ஆவியாக வழியில்லாமல் ஈரம் மேலே போகும்.

மாங்குளம்:

90களில் மண்ணெண்ணெய்த் தடையிருந்த காலத்துப் போத்தல் விளக்கு எல்லோருக்கும் தெரியும். ஒரு தேக்கரண்டி எண்ணெயும் நூல்திரியும் எத்தனை மணித்தியாலம் படிக்க வெளிச்சம் தந்தன. திரியில் எண்ணெய் ஏறுவதும் ஒட்டல் விசையால்தான். ஆனால் மண்ணெண்ணெயின் மேற்பரப்பிழுவை நீரினதைவிட மிகக் குறைவு, 0.027 அளவு. அடர்த்தியும் குறைவு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதே துளையில் நீர் ஏறும் உயரத்தின் பாதிதான் ஏறும். எண்ணெய் மட்டம் இறங்க இறங்கச் சுவாலை சிறுத்துப்போவது, தூரம் கூடியதால் வந்துசேரும் வேகம் குறைவதால்.

திரி ஈரமானால் விளக்கு வெடித்து வெடித்து அணையும். பஞ்சை நீர் எண்ணெயைவிட இறுக்கிப் பிடிக்கும், எண்ணெயால் அதைத் தள்ள முடியாது. வெயிலில் காயவைத்தபிறகுதான் எண்ணெயில் தோய்க்க வேண்டும். இலவம்பஞ்சு திரிக்கு எப்படியென்று கேட்பவர்களுக்கு: அதில் இயற்கையாகவே மெழுகு உண்டு, நீரில் மிதக்கும், எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஆனால் இழை குட்டை, முறுக்கு நிற்காது.

கிளிநொச்சி, விவசாயபீட மாணவர்:

மரம் மயிர்த்துளையால் நீரை ஏற்றுகிறது என்று இன்னும் சில வகுப்புகளில் சொல்லப்படுகிறது. நம் காட்டுப் பாலை 15 மீற்றருக்கு மேல் நிற்கும். தண்டுக்குள் நீர் போகும் நுண்குழாயான நீர்க்கலன் ஒன்றின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் அதில் நீர் ஏறக்கூடியது 29 சென்ரிமீற்றர் மட்டுமே. உண்மையில் இழுப்பு இலையில் பிறக்கிறது. இலைக் கலச்சுவரின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது அங்கேயுள்ள பிறையுரு (வளைந்த நீர்ப்பரப்பு) உள்வளைந்து இழுக்கிறது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இழுப்பு மிகப் பெரிது. அந்த இழுப்பு அறுபடாமல் வேர்வரை போவது நீரின் பிணைவு விசையால். டிக்சனும் ஜோலியும் 1894இல் வைத்த விளக்கம் இது. கலனுக்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் அந்த நீர்க்கம்பம் அறும்.

வவுனியா, ஆய்வுகூட உதவியாளர்:

தராசே இல்லாத இடத்துக்கு ஒரு வழி. ஊசி கழற்றிய சிறிய சிறிஞ்சியை நிலைக்குத்தாகப் பிடித்து, 1 மி.லீ.க்கு எத்தனை துளி விழுகிறது என்று எண்ணுங்கள். மெதுவாக, இரண்டு செக்கனுக்கு ஒரு துளி. வேகமாகத் தள்ளினால் துளி பெருத்து எண்ணிக்கை பிழைக்கும். அதே சிறிஞ்சியில் பிறகு மற்றத் திரவம். அடர்த்தி ஒன்றானால் துளி எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மேற்பரப்பிழுவை. நீருக்கு 20 துளியும் சவர்க்கார நீருக்கு 45 துளியும் வந்தால் சவர்க்கார நீரின் இழுவை 0.0712இன் ஒன்பதில் நாலு பங்கு, அதாவது 0.032. மருந்தைத் துளிக்கணக்கில் அளக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பரவவைக்கும் பொருள் கலந்த திரவத்தின் பத்துத் துளி, வெறுந்தண்ணீரின் பத்துத் துளியில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம்.

புதுக்குடியிருப்பு, சுகாதாரப் பணியில் இருப்பவர்:

இதோடு ஒன்று. டெங்கு நுளம்பின் குடம்பி சுவாசக் குழாயை நீர்ப்பரப்பில் ஒட்டித் தலைகீழாய்த் தொங்குகிறது. குழாய் நுனி நனையாதது, அதனால்தான் அதற்குப் பிடி கிடைக்கிறது. சவர்க்கார நீரோ எண்ணெய்ப் படலமோ அந்தப் பிடியைக் கெடுத்து மூச்சை அடைக்கும். பூச்சாடித் தட்டு, மலசலகூடக் குழி போன்ற இடங்களுக்கு மட்டும் செய்யலாம். குடிநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் வேண்டாம், அங்கே மூடியும் வலையும்தான். தட்டில் ஊற்றிய சவர்க்கார நீர் மழையில் கலைந்துவிடும், ஏழு நாளுக்கு ஒரு தரம் தட்டையே கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதை விட்டுவிடாதீர்கள். முட்டை உட்சுவரில் ஒட்டியிருக்கும், நீரை மட்டும் ஊற்றிவிட்டால் அது போகாது.