டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு: பணம் திருடுபோனபோது எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

செல்லூர் அக்கா:
எங்கள் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனபோது, பென்ஷன் கணக்கின் டெபிட் கார்டை வெளிநாட்டிலும் செல்லும்படி செய்து கொடுத்தார்கள். ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து, ஒரு நள்ளிரவில் ஏதோ வெளிநாட்டு இணையதளத்தில் பொருள் வாங்கியதாக வரிசையாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்தத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. 38,000 ரூபாய் போய்விட்டது.

அந்த ராத்திரியே வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கினோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொன்னோம். விடிந்ததும் கிளையில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வெளியாள் செய்த மோசடி, நம் பக்கம் தவறில்லை, 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டோம் என்றால் இழப்பு நம்முடையது இல்லை. 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தப் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அதன்படி பணம் வந்தும் விட்டது.

ஆனால் 10 வேலை நாள் என்பது லீவு நாளையும் சேர்த்தால் இரண்டு வாரம். அதுவரை அப்பா கணக்கில் ஒன்றுமில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டி வந்தது. வாழ்நாளெல்லாம் யாரிடமும் கைநீட்டாத மனிதர், அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அப்புறம் தம்பியின் கிரெடிட் கார்டிலும் இதே மாதிரி நடந்தது. அவனும் உடனே முடக்கிப் புகார் கொடுத்தான். அந்தத் தொகையைத் தகராறு என்று தனியே நிறுத்தி வைத்துவிட்டு மீதி பில்லைக் கட்டச் சொன்னார்கள். அவன் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு பைசா நகரவில்லை. டெபிட் கார்டில் போவது நம் பணம், திரும்பி வரும்வரை காத்திருப்பது நாம். கிரெடிட் கார்டில் போவது வங்கி தந்த கடன். அதைக் கட்ட வேண்டுமா இல்லையா என்பதுதான் வழக்கு.

எங்கள் வீட்டில் இப்போது இணையத்தில் வாங்க கிரெடிட் கார்டு மட்டும்தான். டெபிட் கார்டு ஏ.டி.எம்.முக்கு. வெளிநாடு, இணையம், கார்டை மெஷினில் தட்டிக் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கும் வசதி 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியிலும் உண்டு. அப்பா அம்மா கார்டுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மேலூர்க்காரன்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பில்லை முழுதாகக் கட்ட முடிகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

சித்தப்பா மகன் மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை மட்டும் கட்டி வந்தான். ‘கட்டிக்கிட்டுதானே இருக்கேன், கடன் ஏன் குறையல?’ என்று ஸ்டேட்மெண்ட்டைக் கொண்டுவந்தான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பாக்கி 40,000. வட்டி மாதம் மூன்றரை சதவீதம், அதாவது 1,400. வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 252. அவன் கட்டியது 2,000. அசலில் கழிந்தது வெறும் 348 ரூபாய்!

நம் ஊரில் மூணரை வட்டிக்குக் கடன் என்றால் பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவோம். கார்டு என்றதும் அதே வட்டி கண்ணில் படுவதில்லை. பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்களும் கிடையாது, புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைசியில் இரண்டு வளையலை அரசு வங்கியில் வைத்து, ஒரு ரூபாய் வட்டிக்கும் குறைவான நகைக்கடனில் கார்டை அடைத்தோம். இப்போது வளையலில் ஒன்றை மீட்டுவிட்டான்.

மாட்டுத்தாவணி:
கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடமே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அவசரத்துக்குக் கைமாற்று கேட்பது எவ்வளவோ மேல்.

விளக்குத்தூண் ஜவுளிக்கடை:
‘கிரெடிட் கார்டுன்னா ஏன் ரெண்டு பர்சன்ட் கூடக் கேக்குறீங்க?’ என்று தீபாவளி நேரத்தில் கடையில் சண்டையே வரும். கிரெடிட் கார்டு தேய்த்தால் ஏறக்குறைய அவ்வளவைக் கழித்துக்கொண்டுதான் எங்களுக்குப் பணம் வருகிறது. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கழிவே இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கும் 0.90 சதவீதத்துக்கு மேல் போகாது. ஜவுளியில் கிடைக்கும் லாபத்தில் இரண்டு சதவீதம் என்பது எங்களுக்குப் பெரிய தொகை, அதை வாடிக்கையாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம் டெபிட் கார்டுக்கு யாராவது கூடுதல் கேட்டால் கொடுக்காதீர்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படிக் கேட்கக் கூடாது.

திருமங்கலம்:
நான் கேட்காமலே ஒரு கிரெடிட் கார்டு தபாலில் வந்திருக்கிறது. உடைத்துப் போட்டால் போதுமா?

செல்லூர் அக்கா:
போதாது தம்பி, கணக்கு உயிரோடுதான் இருக்கும். சம்மதம் இல்லாமல் கார்டு அனுப்பவே கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதற்குக் கட்டணம் போட்டிருந்தால் ரத்து செய்வதோடு, அதைப்போல் இரண்டு மடங்கு உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. மூடியதாகப் பதில் வரும்வரை ஓ.டி.பி. கேட்டு யார் பேசினாலும் சொல்லிவிடாதீர்கள்.